ஏரியின் அடி அறிந்த விருந்தாளி

தாம்பரம் ஸ்டேஷனில் கிழக்குப் பக்கமாக இறங்கி, வேளச்சேரிக்குப் போகும் சாலையைப் பிடித்தால், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பஸ்ஸில் உட்கார்ந்து இந்தப் பெயர்களைக் கேட்பவர்களுக்கு வீடுகளும் கடைகளும் பள்ளிக்கூடங்களுந்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் ஏரியோ, சதுப்போ இருக்கிறது. சில இடங்களில் அது கண்ணுக்குத் தெரிகிறது. சில இடங்களில் கட்டிடங்களுக்குப் பின்னால் மறைந்து கொண்டிருக்கிறது.

காற்று நன்றாக இருக்கிறது என்பதற்காக 1928-ஆம் வருஷம் தாம்பரத்தில் க்ஷயரோக ஆஸ்பத்திரி ஏற்பட்டது. 1931-இல் மின்சார ரயில் இங்கே ஓடி வந்தது. 1937-இல் சென்னைக் கிறிஸ்துவக் கலாசாலை பட்டணத்து நெரிசலை விட்டு இந்தப் புதர்க்காட்டில் வந்து குடியேறிற்று. 2021-இல் தாம்பரம் ஒரு மாநகராட்சியாகவே ஆகிவிட்டது. மனிதர்கள் இங்கே வந்ததற்குக் காரணம் காற்றும் வெட்டவெளியும். ஆனால் அவர்களுக்கெல்லாம் நெடுங்காலம் முன்பே, தண்ணீரை மட்டும் உத்தேசித்து, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தவர்கள் உண்டு. டிக்கெட் வாங்காத அந்தப் பிரயாணிகளில் ஒருவரைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தண்ணீர் நடக்கும் வழி

முதலில் அந்தத் தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பக்கத்து நிலம் மேற்கே சற்று உயர்ந்து, கிழக்கே கடலை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. மழை ஜலம் ஒரே மூச்சில் ஓடிக் கடலில் விழுந்துவிடாதபடி, நம் முன்னோர்கள் சாய்வுக்குக் குறுக்கே கரை போட்டு ஏரி ஏரியாகத் தேக்கினார்கள். மேல் ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும். சிட்லபாக்கத்தில் மிஞ்சியது செம்பாக்கத்துக்கு வரும். செம்பாக்கத்தில் மிஞ்சியது நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று படிப்படியாக இறங்கிக் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் வந்து சேரும். அங்கே பரவி, தேங்கி, கோரைப் புல்லின் நடுவே தெளிந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, முட்டுக்காட்டுக்கு அருகில் கடலை அடையும்.

ஒரு குடும்பத்தில் மூத்தவன் உண்டு மிஞ்சியதைத் தம்பிக்கு வைப்பதைப் போன்ற ஏற்பாடு இது. இதில் ஒரு விசேஷம் உண்டு. ஏரி என்பது ஆழமான நீர்; சதுப்பு என்பது முழங்கால் அளவு நீர். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதனாலேயே இருவகை விருந்தாளிகளுக்கு இங்கே இடம் கிடைத்தது.

மேய்பவையும் மூழ்குபவையும்

ஐப்பசி மழை தொடங்கியதும் வடக்கேயிருந்து வாத்துக் கூட்டங்கள் வரத் தொடங்குகின்றன. பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் போய் நின்றால் அவற்றைப் பார்க்கலாம். வால் ஊசிபோல் நீண்டிருப்பது ஊசிவால் வாத்து. அலகு கரண்டியைப் போல் அகன்றிருப்பது தட்டைவாயன். கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு சிறியதாக இருப்பது நீலச்சிறகி. இவையெல்லாம் மேய்ச்சல் வாத்துகள். தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை வானத்துக்குக் காட்டிக்கொண்டு தலைகீழாக நின்று இரை தேடும். கழுத்துக்கு எட்டுகிற ஆழம்வரையில்தான் அவற்றின் ராஜ்யம். குழந்தைகளுக்கு இந்தக் காட்சி மிகவும் பிடிக்கும்.

இவற்றிலிருந்து வேறுபட்ட இன்னொரு ஜாதி உண்டு. அது தலைகீழாக நிற்பதோடு திருப்தி அடைவதில்லை. முழு உடம்பையும் நீருக்குள் செலுத்தி ஏரியின் அடித்தரைக்கே போய்விடுகிறது. ஆங்கிலேயர் இதைப் 'போச்சார்ட்' என்பார்கள். நாம் செந்தலை முக்குளி வாத்து என்று சொல்லலாம். இதன் உறவினர்களில் பின்னந்தலையில் குடுமி தொங்கும் கரிய குடுமி வாத்தும், வெண்மையான கண்ணுடைய வெண்கண் வாத்தும் நம் தேசத்துக்கு வருகின்றன.

வட இந்தியாவின் பெரிய ஏரிகளில் செந்தலை வாத்து கூட்டங் கூட்டமாகத் தங்கும். தெற்கே வர வர எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். சென்னைக்குத் தெற்கே உள்ள நீர்நிலைகளில் இதைக் காண்பது அபூர்வந்தான். அபூர்வமாக வருகிற ஒன்றைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று நேயர்கள் கேட்கலாம். நம் ஏரிகளைப் பற்றி மற்றப் பறவைகள் சொல்லாத ஒரு செய்தியை இது சொல்கிறது என்பதுதான் காரணம்.

உடம்பின் அமைப்பு

ஆண் பறவையின் தலையும் கழுத்தும் செம்மண் நிறம். கண் சிவப்பு. மார்பு கறுப்பு. முதுகும் விலாவும் சாம்பல் நிறம். பெண் அடக்கமான பழுப்பு உடை உடுத்தியிருக்கும். எடை ஏறக்குறைய இரண்டு ராத்தல். தூரத்திலிருந்து பார்த்தாலும் மேய்ச்சல் வாத்துக்கும் முக்குளி வாத்துக்கும் வித்தியாசம் தெரியும். மேய்ச்சல் வாத்து காகிதக் கப்பலைப் போல் இலேசாக மிதந்து, வாலைத் தூக்கி வைத்திருக்கும். முக்குளி வாத்து பாரமேற்றிய தோணியைப் போல் தாழ்ந்து மிதக்கும். வால் ஏறக்குறையத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இதன் கால்கள் உடம்பின் பின்பக்கத்தில் அமைந்திருக்கின்றன. படகுக்குத் துடுப்பு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கின்றன. பின்விரலிலும் ஒரு சிறு மடல் உண்டு. மூழ்குவதற்குச் சற்று முன் இறகுகளை உடம்போடு இறுக்கி, இடையிலுள்ள காற்றை வெளியேற்றுகிறது. பிறகு ஒரு சிறு துள்ளல், ஆள் மறைந்துவிடும். சிறகுகளை மூடிக்கொண்டு, கால்களாலேயே உதைத்து, ஆறடி எட்டடி ஆழம் வரையில் போகும். நீங்கள் கரையில் நின்று நிதானமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தால், இருபதுக்குச் சற்று முன்னோ பின்னோ வேறோர் இடத்தில் தலை தெரியும்.

இந்த வித்தைக்கு அது கொடுக்கும் விலையும் உண்டு. கால்கள் பின்னே தள்ளியிருப்பதால் தரையில் நடக்கும்போது தள்ளாடும். உடம்பின் பாரத்துக்குச் சிறகுகள் சிறியவை. ஆகவே மேய்ச்சல் வாத்தைப்போல நின்ற இடத்திலிருந்து விருட்டென்று கிளம்ப முடியாது. ஆகாய விமானம் ஓடுபாதையில் ஓடுவதைப்போல் தண்ணீரின் மேல் தடதடவென்று ஓடித்தான் எழும்ப வேண்டும். அதற்குத் தடையில்லாத நீர்ப்பரப்பு வேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடித்தரையில் அது தேடுவது நீர்ப்பாசி இனங்கள், நீர்ச்செடிகளின் கிழங்கு, வேர், விதை, சிறு நத்தைகள், பூச்சிப் புழுக்கள். பகலில் பெரும்பாலும் நடு ஏரியில் கூட்டமாகத் தூங்கிவிட்டு, இரவில்தான் இரை தேடும்.

வடக்கேயிருந்து வரும் வழி

ஐரோப்பாவிலிருந்து சைபீரியாவின் பைக்கால் ஏரிப் பக்கம் வரையில் உள்ள நீர்நிலைகள்தான் இதன் பிறந்த வீடு. அங்கே கோரைப்புல் நடுவே கூடு கட்டி, எட்டு முதல் பத்து முட்டைகள் வரையில் இட்டு, சுமார் 25 நாட்கள் பெண் பறவை அடைகாக்கிறது. அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் பறவைகள் குடும்பப் பொறுப்பைத் துறந்து, தனியே கூட்டம் சேர்ந்து புறப்பட்டுவிடுகின்றன. குளிர் காலத்தில் வடக்கேயுள்ள நல்ல ஏரிகளில் முதலில் போய் இடம் பிடிப்பவையும் அவையே. குஞ்சுகளை வளர்த்துவிட்டுப் பின்னால் வரும் பெண் பறவைகள் பெரும்பாலும் இன்னும் தெற்கே போகின்றன. ஆகையால் நம் பக்கத்து ஏரியில் ஒரு முக்குளி வாத்து வந்து இறங்கினால், சித்திரத்தில் பார்க்கும் செந்தலை அழகனைத் தேடி ஏமாற வேண்டாம். அது குடும்பத்தை நடத்தி முடித்து, நெடுந்தூரம் வந்து களைத்த ஒரு பழுப்பு நிறத் தாயாகவும் இருக்கலாம்.

மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி இந்தியாவுக்குள் இறங்கும் இந்த ஆகாய மார்க்கம் வெறும் ஊகமல்ல. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் சாலிம் அலியின் தலைமையில் 1960-க்குப் பிந்திய வருஷங்களில் ஆயிரக்கணக்கான பறவைகளைப் பிடித்து, காலில் அடையாள வளையம் மாட்டி விட்டார்கள். பரத்பூரில் வளையம் போட்ட வாத்துகள் சோவியத் நாட்டின் பல பகுதிகளில் அகப்பட்டன. வளையத்தில் பொறித்திருந்த பம்பாய் விலாசத்துக்குச் செய்தி வந்தது. பாஸ்போர்ட் இல்லாமல் எல்லை கடக்கும் உரிமை பறவைகளுக்குத்தான் இருக்கிறது!

துப்பாக்கியும் கௌலும்

பரத்பூர் என்றதும் இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்னிய ஆட்சிக் காலத்தில் ராஜப் பிரதிநிதிகளை உபசரிப்பதற்கு அந்தச் சமஸ்தானத்தார் நடத்திய விருந்து வாத்து வேட்டைதான். 1938 நவம்பர் 12-ந் தேதி லின்லித்கோ பிரபுவும் அவருடைய கூட்டத்தாரும் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். வெட்கப்பட வேண்டிய அந்தக் கணக்கைப் பெருமையாகக் கல்லில் வெட்டியும் வைத்தார்கள். சுதந்திர இந்தியா 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் செய்தது. பரத்பூர் ஏரி 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. கல் மட்டும் சாட்சியாக இன்னும் நிற்கிறது.

சுட்ட குண்டு குறி தப்பினாலும் அதன் வேலை முடிவதில்லை. வாத்துக்குப் பல் கிடையாது. இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கி இரைப்பையில் வைத்துக்கொள்கிறது. ஏரியின் அடியில் புதைந்த ஈயக் குண்டுகளைக் கல் என்று எண்ணி முக்குளி வாத்து விழுங்கிவிடும். ஈயம் மெதுவாக உடம்பில் ஏறி அதைக் கொன்றுவிடும். ஐரோப்பிய நாடுகளில் இந்த விஷத்துக்கு அதிகமாக இரையாகும் பறவைகளில் செந்தலை வாத்தும் ஒன்று. அடித்தரையில் நாம் போட்டதையெல்லாம் அது உண்கிறது.

இதற்கு எதிரிடையான உதாரணம் நம் ஜில்லாவிலேயே இருக்கிறது. தாம்பரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய முப்பது மைலில் உள்ள வேடந்தாங்கலில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, கிராமத்து ஜனங்கள் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டார்கள். இங்கே யாரும் சுடக்கூடாது என்று லயனல் பிளேஸ் துரையிடமிருந்து கௌல் பெற்றார்கள். 1858-இல் அந்த உரிமையை மறுபடியும் உறுதிப்படுத்திக் கொண்டார்கள். எழுத்துவாசனை அதிகமில்லாத உழவர்கள் செய்த காரியம் இது. பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலந்து வயலுக்குப் போனால் நெல் நன்றாக விளையும் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். பறவைகளிடத்தில் அன்பு, வயலிடத்தில் அக்கறை என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததே நமக்கு அதிர்ஷ்டம்.

விருந்தாளி கேட்பது என்ன?

இப்போது நம் தென்சென்னை ஏரிகளுக்குத் திரும்பி வருவோம். முக்குளி வாத்து ஓர் ஏரியில் தங்குவதற்குக் கேட்கும் வசதிகள் நான்கு. ஓடி எழும்புவதற்குத் திறந்த நீர்ப்பரப்பு. முழுகுவதற்கு ஆள் ஆழம். அடியில் செடி முளைப்பதற்கு, சூரிய வெளிச்சம் ஊடுருவும் தெளிந்த நீர். விஷம் இல்லாத தரை.

மேய்ச்சல் வாத்து இவ்வளவு கண்டிப்பானதல்ல. ஓரத்தில் சேறு இருந்தால் போதும், சமாளித்துக்கொள்ளும். ஆகவே வாத்துகள் வந்திருக்கின்றன, ஏரி நன்றாகத்தான் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்ள இடமுண்டு. முக்குளி வாத்தை அப்படி ஏமாற்ற முடியாது. அடித்தரையைப் பார்த்துவிட்டு வரும் பரீட்சை அதிகாரி அது.

அந்தப் பரீட்சையில் நம் ஏரிகள் எப்படித் தேறுகின்றன? சாக்கடை ஜலம் கலந்தால் ஆகாயத்தாமரை செழித்து வளர்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பச்சைப் பசேல் என்று அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பச்சைக் கம்பளம் மூடிய ஏரியில் ஓடுபாதை இல்லை. கீழே வெளிச்சம் இல்லை. காற்று இல்லாமல் மீன் செத்து மிதக்கும். தூர் வாராத ஏரி வருஷத்துக்கு வருஷம் மேடாகிக்கொண்டே போகும். ஆழம் போனால் ஏரி போயிற்று. மேடான ஏரி முதலில் மைதானமாகும், அப்புறம் மனைக்கட்டாகும்.

பள்ளிக்கரணைச் சதுப்பு சென்ற நூற்றாண்டின் நடுவில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்ததாகச் சொல்வார்கள். அதில் பெரும்பகுதி ரஸ்தாவாகவும் கட்டிடமாகவும் மாறிவிட்டது. ஒரு பக்கத்தில் நகரத்தின் குப்பையைப் பல வருஷங்கள் அதன் தலையிலேயே கொட்டி மலையாக்கினார்கள்.

வாத்துக்கு இடமில்லாமல் போனால் போகட்டும், மனிதனுக்கு வீடு வேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு 2015-ஆம் வருஷம் மழையே பதில் சொல்லிற்று. அந்த டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. ஜனங்கள் மொட்டை மாடியில் நின்று படகை எதிர்பார்த்தார்கள். அந்தத் தண்ணீர் அன்னியமானதல்ல. தனக்கென்று இருந்த இடத்தைத் தேடிவந்த பழைய குடித்தனக்காரன்! அடுத்த நான்காவது வருஷம், 2019 ஜூன் மாதத்தில், சென்னைக்குக் குடிநீர் தரும் பெரிய ஏரிகள் வறண்டு, அதே ஜனங்கள் குடத்துடன் லாரிக்குக் காத்து நின்றார்கள். வெள்ளமும் வறட்சியும் இரண்டு வியாதிகள் அல்ல. ஆழமும் வழியும் இழந்த ஏரி என்னும் ஒரே வியாதியின் இரண்டு குறிகள்.

இப்படிப் பார்த்தால், அந்தப் பறவை கேட்ட நான்கு வசதிகளும் நாம் நமக்காகக் கேட்டுக்கொள்ள வேண்டியவையே. ஆழம் இருந்தால் வெள்ளம் தங்கும். மூடாத பரப்பும் தெளிவும் இருந்தால் கொசுத் தொல்லை குறையும். தரை சுத்தமாக இருந்தால் சுற்றுப்புறக் கிணறுகளில் நல்ல நீர் ஊறும்.

நம்பிக்கைக்கு இடம்

எல்லாம் கெட்டுவிட்டது என்று கையை விரித்துவிட வேண்டியதில்லை. 2007-இல் பள்ளிக்கரணையில் 317 ஹெக்டேர் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு, ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலையாக அங்கீகாரம் பெற்றது. வேடந்தாங்கலும் அதன் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் அதே வருஷத்தில் அந்தப் பட்டியலில் ஏறின. 2019 வறட்சியின் போது சிட்லபாக்கத்து ஜனங்கள் சர்க்காருக்காகக் காத்திராமல் தாங்களே ஏரியில் இறங்கிச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். உத்தியோகஸ்தர்களும் மாணவர்களும் தாய்மார்களும் கூடை தூக்கினார்கள். செம்பாக்கம் ஏரியிலும் புனருத்தாரண வேலை நடந்தது. கௌல் வாங்கிய வேடந்தாங்கல் உழவர்களின் வம்சம் பட்டணக்கரையில் அற்றுப்போய்விடவில்லை.

ஆனால் காகிதத்தில் அறிவித்துவிட்டால் மட்டும் ஏரி ஆழமாகிவிடாது. மேல் ஏரியில் சாக்கடை கலந்தால் கீழே உள்ள ராம்சார் சதுப்புக்கும் அதே சாக்கடைதான் போய்ச் சேரும். சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் துலக்கிப் பயனில்லை. விருந்தாளியின் நிலைமையும் நன்றாக இல்லை. உலகெங்கும் எண்ணிக்கை குறைந்து வருவதைக் கண்டு, 2015-இல் செந்தலை வாத்தை அழியும் அபாயத்துக்கு இலக்கான இனங்களின் வரிசையில் சேர்த்துவிட்டார்கள். பிறந்த வீட்டிலும் நீர்நிலைகள் கெடுகின்றன. புகுந்த வீட்டிலும் கெடுகின்றன. பைக்கால் பக்கத்து ஏரியை நாம் காப்பாற்ற முடியாது. சேலையூர் ஏரியைக் காப்பாற்ற முடியும்.

மார்கழி, தை மாதங்களில் ஒரு விடுமுறை நாள் காலையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பக்கத்து ஏரிக்கரைக்குப் போங்கள். நிறக் கூச்சலில்லாத உடை போதும். பட்டாசும் ஒலிபெருக்கியும் வேண்டாம். நாமக்கோழியும் முக்குளிப்பானும் நீர்க்காகமும் எப்படியும் இருக்கும். வாத்துகள் இருந்தால், எவை வாலைத் தூக்கி நிற்கின்றன, எவை தாழ்ந்து மிதக்கின்றன என்று குழந்தைகளே சொல்லட்டும். அங்கே நிற்கும்போது இன்னும் மூன்று விஷயங்களையும் கவனியுங்கள். நடு ஏரி திறந்திருக்கிறதா? கலங்கல் அடைபடாமல் இருக்கிறதா? எந்தத் தெருவின் சாக்கடை எந்த மூலையில் வந்து விழுகிறது? மூன்றாவது கேள்விக்கு விடை உங்கள் வீட்டுக் குழாயாகவே இருந்தால், வேலையை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.